வாய்க்கு வராத பெயர்

மலை மேல் இருக்கிற பைல் நாட்டில் குழந்தைசாமியை ஞானி என்று நம்பியவர்கள் நிறையப் பேர். 1937ஆம் வருஷம் அவனுக்கு வயது இருபத்து நாலுதான். தாடி இல்லை, திருநீற்றுப் பட்டை இல்லை. கொஞ்சம் சாமைக் காடு, பதினைந்து மிளகுக் கொடி, ஒரு எருமை, ஒரு அம்மா, இவ்வளவுதான் அவனுக்கு இருந்தவை. ஆனால் அவன் அதிகம் பேச மாட்டான். பேசினால் இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊர் ஒரு வாரம் யோசிக்கும்.

ஒருமுறை அண்ணன் தம்பி இருவர் ஒரு பலாமரத்துக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அந்த வழியாகப் போன குழந்தைசாமியை ஊர்க்கவுண்டர் நிறுத்தினார்.

"நீ என்னப்பா சொல்ற?"

குழந்தைசாமி மரத்தை அண்ணாந்து பார்த்தான். கண்ணை மூடினான். நெற்றியில் வேர்த்தது.

"எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

மரம் ஒன்றுதான் என்கிறானா, மனுஷன் ஒன்றுதான் என்கிறானா என்று அண்ணனும் தம்பியும் வாதாடி, அந்த வாதத்தில் மரத்தையே மறந்துபோனார்கள். ஊரில் அவன் மதிப்பு ஏறிவிட்டது.

உண்மையில் அவன் சொல்ல நினைத்தது, "பழத்தைப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்குங்க" என்பது. அதில் ஒரு வார்த்தைகூட அவன் வாயில் வராது. குழந்தைசாமிக்குத் திக்குவாய்.

இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் விசேஷம். 'ப'வில் தொடங்கும் சொல் என்றால் அவன் உதடுகள் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். 'க' என்றால் தொண்டை தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். 'ம', 'வ', 'த' எல்லாம் அந்த வகைதான். ஆனால் அ, ஆ, இ, ஈ என்று தொடங்கும் சொற்கள் ஈரப் பாறையில் வழுக்குவது போல வந்துவிடும். எழுத்தே படிக்காத குழந்தைசாமி இந்த வித்தியாசத்தைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, வழுக்கும் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தி வந்தான். தண்ணீர் வேண்டுமென்றால் "ஊத்துங்க" என்பான். மழை வந்தால் "ஆகாசம் இறங்குது" என்பான். கேட்பவர்களுக்குக் கவிதை மாதிரி இருக்கும். எருமையை எருமை என்றே சொல்லலாம், அது ஆண்டவன் புண்ணியம்.

அவன் அம்மா பொன்னம்மாளுக்கும் உண்மை தெரியாது. அஞ்சு வயதில் பையனுக்குத் திக்கியது அவளுக்கு நினைவிருந்தது. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தேய்த்தாள். கோயில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைத்தாள். ஒரு வருஷத்தில் திக்கல் நின்றுவிட்டது. பையன் பேச்சைக் குறைத்துக்கொண்டதுதான் காரணம் என்று அவள் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து மலையில் எந்தக் குழந்தைக்குப் பேச்சு தாமதமானாலும், "எம்மவனப் பாருங்க, வசம்புல சரியாப் போனவன்" என்று வசம்போடு கிளம்பிவிடுவாள்.

தன் பெயரையே குழந்தைசாமியால் சொல்ல முடியாது. கீழே பேளுக்குறிச்சிச் சந்தையில் யாராவது பெயர் கேட்டால் "அறப்பளி" என்பான். மலை மேல் இருக்கிற ஈசுவரன் பெயர், அகரத்தில் தொடங்குகிறது, சாமியும் கோபிக்காது. சந்தையில் எத்தனையோ மிளகு வியாபாரிகள் இருந்தும் அவன் அமீர் ஹம்சா ஒருவரிடமே விற்றான். காரணம் நேர்மையோ விலையோ அல்ல. அமீர் என்று கூப்பிட வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை 'வேண்டாம்' என்ற சொல். அதற்குப் பதிலாக வழுக்கும் சொல் ஒன்று அவனுக்குக் கிடைக்கவே இல்லை. அதனால் யார் எதை நீட்டினாலும் "ஆகட்டுங்க" என்றுவிடுவான். அவன் ஊட்டில் இரண்டு சீமைக் குடைகளும், நசுங்கிய பித்தளை ஊதுகொம்பு ஒன்றும், யாரோ ஒரு வக்கீலின் மூக்குக்கண்ணாடியும் இருந்தன. எதுவும் அவன் விரும்பி வாங்கியதல்ல.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் அவன் பாவாயி மேல் ஆசைப்பட்டான்.

அவன் மாமன் காளியண்ணனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அத்தாயி, இளையவள் பாவாயி. இருவருமே அவனுக்கு முறைப்பெண்கள். அத்தாயி குரல் கொடுத்தால் அடுத்த குன்றில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும். பாவாயி அப்படியல்ல. சாமை குத்தும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்கிற பெண். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே குழந்தைசாமி ஒரு வருஷமாகச் சுற்றுவழியில் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

தை மாதம் பொன்னம்மாள் உறவுக்காரர்களோடு வெற்றிலைத் தட்டு எடுத்துக்கொண்டு காளியண்ணன் ஊட்டுக்குப் போனாள். ஊர்க்கவுண்டரும் வந்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்ததும் காளியண்ணன் பெருந்தன்மையாக, "ரெண்டு புள்ளைங்க இருக்குது. மாப்பிள்ளையே வாயத் தொறந்து சொல்லட்டும். எவளக் குடுக்கட்டும்?" என்றார்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று குழந்தைசாமி எதிர்பார்க்கவில்லை. அம்மாவே சொல்லிவிடுவாள் என்று நம்பியிருந்தான். இருபது முகங்கள் அவனைப் பார்த்தன. உதடுகள் ஒட்டிக்கொண்டன. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் பூட்டிக்கொண்டால் பக்கத்தில் இருக்கிற வழுக்கும் சொல்லுக்குத் தாவிவிடுவது இருபது வருஷப் பழக்கம் அல்லவா? நாக்கு அவனைக் கேட்காமலே தாவிவிட்டது.

"அத்தாயி" என்றான்.

"ஆகா!" என்றார் ஊர்க்கவுண்டர். "மூத்தவ இருக்கையில இளையவளக் கேக்கலாமா? ஞானின்னா ஞானிதான்."

வெற்றிலை மாறியது. உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. எட்டாம் நாள் ஊர்க்கூட்டத்தில் கல்யாண நாள் வைப்பது என்று முடிவாயிற்று. குழந்தைசாமி ஊட்டுக்குப் போய் மூன்று வேளை சாப்பிடவில்லை. பொன்னம்மாள் அதைக் கல்யாணக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவன் காட்டோரத்தில் எருமையின் முதுகைத் தேய்த்தபடி அதனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் கேட்டது பாவாயியை. வாய் சொன்னது வேற. இப்பப் போயி மாமன்கிட்ட மாத்திச் சொன்னா மண்டைய ஒடச்சுருவாரு. நீயே சொல்லு, நான் என்ன பண்றது?"

ஒரு இடத்திலும் தட்டவில்லை. எருமையிடம் அவனுக்கு என்றைக்குமே திக்கியதில்லை.

"எருமை என்ன சொல்லுச்சு?"

பின்னால் அத்தாயி இடுப்பில் கைவைத்து நின்றாள். கையில் கொடுவாள் இருந்தது. விறகுக்குப் போகிற வழியில்தான் வந்திருந்தாள், ஆனால் குழந்தைசாமிக்கு அது தெரியாதே.

"ஏ மச்சான், என்னத்தான் வேணும்னு கேட்டியாமே?"

"ஆமாங்க."

"இப்ப எருமைகிட்டப் பாவாயின்னு சொன்ன?"

"ஆமாங்க."

"அப்ப நான் வேணுமா, வேண்டாமா?"

"ஆமாங்க."

அத்தாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கொடுவாளை ஒரு கட்டையில் கொத்தி நிறுத்தினாள்.

"எங்கே, 'வேண்டாம்'னு சொல்லு பாக்கலாம்."

அவன் வாயைத் திறந்தான். மேல்பல் கீழுதட்டைக் கவ்வியது. கண் பிதுங்கியது. ஒரு கால் தானாகத் தரையை உதைத்தது. அத்தாயி நின்று பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் அவனுக்காகக் காத்ததில்லை. கடைசியில் "வே... வே... வே..." என்று ஆடு கத்துவது போல மூன்றுதரம் வந்து, நின்றுபோயிற்று. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அட சாமி" என்றாள் அத்தாயி, குரலைத் தாழ்த்தி. "ஞானியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்குத் திக்குது."

குழந்தைசாமி தலையை ஆட்டினான்.

"இத மறைக்கவா எங்க குடிய கெடுத்த? கேட்டுக்க. எனக்கும் உன்னைய வேண்டாம். எனக்கு வேண்டாம்னு சொல்ல வரும். எனக்கும் கீழ்க்காட்டுச் செல்லமுத்துவுக்கும் பேசி வெச்சிருக்குது, எங்கப்பனுக்குத்தான் இன்னும் தெரியாது. நான் போயி மறுத்தா, செல்லமுத்துக்காக மறுக்கறேன்னு அவன் தலைய எடுப்பாரு. கேட்டவன் நீ. நீதான் மாத்திச் சொல்லோணும். ஏழு நாள் இருக்குது."

அவள் முதலில் தனக்குத் தெரிந்த வைத்தியங்களைப் பார்த்தாள். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொன்னாள். ஒரு கல்லை அவன் விழுங்கிவிட்டான். பயந்தால் திக்கல் தெளியும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஓடைக் கரையில் நின்றவனைப் பின்னாலிருந்து தள்ளினாள். அவன் தண்ணீருக்குள்ளிருந்து "ஐயோ" என்று தெளிவாகக் கத்தினான். அது எப்போதும் வருகிற எழுத்து என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

சந்தை நாளன்று பேளுக்குறிச்சிக்கு ஒரு சின்ன டாக்டர் வருவார் என்று செல்லமுத்து சொன்னான். விடியும் முன்பே சந்தைக்கூட்டத்தோடு மூன்று பேரும் மலை இறங்கினார்கள். குழந்தைசாமி தலையில் மிளகு மூட்டை. பாறை வழியில் எல்லோரும் சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குவது வழக்கம். குழந்தைசாமியும் பாடினான். பாட்டில் 'ப'வும் 'க'வும் 'ம'வும் வரிசையாக வந்தன, ஒன்றும் தட்டவில்லை. அத்தாயி அதைக் கவனித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் அர்த்தனாரிக்குக் குழந்தைசாமியைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். படித்து முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மீசை இன்னும் முடிவெடுக்காமல் இருந்தது. சந்தைக்கு எதிரே ஒரு ஓட்டுக்கட்டடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பேர் என்னங்க?"

"அறப்பளி" என்றான் குழந்தைசாமி.

"பொய்யிங்க" என்றாள் அத்தாயி.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எருமை, வெற்றிலை, ஓடை, பாட்டு. கூழாங்கல்லையும் சொன்னாள். டாக்டர் முதலில் கூழாங்கல்லுக்கு வைத்தியம் சொன்னார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அடியில் பார்த்தார், அண்ணத்தைப் பார்த்தார், காதுப் பக்கம் கைக்கடிகாரத்தை வைத்துக் கேட்கிறதா என்றார்.

"நாக்கு நல்லா இருக்குதுங்க. அறுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நாக்குல கோளாறுன்னா பாட்டுலயும் தட்டோணும், எருமைகிட்டயும் தட்டோணும். உங்க சொந்தத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?"

"அப்புச்சி" என்றான் குழந்தைசாமி. அம்மாவின் அப்பா. அவரும் ஊரில் பெரிய ஞானி என்று பெயர் எடுத்துப் போனவர்.

டாக்டர் சிரிக்காமல் இருக்க மீசையைத் தடவிக்கொண்டார். "சில குடும்பத்துல அப்படி வருது. எதனாலன்னு முழுசா எனக்குத் தெரியாதுங்க. பெரிய டாக்டர்களுக்கும் தெரியாது. பேச்சு நெறைய வர ஆரம்பிக்கற வயசுல, மூணு, நாலு, அஞ்சுல தொடங்கும். பாதிக்கு மேல குழந்தைகளுக்குத் தானாப் போயிரும். சிலருக்குத் தங்கிரும். பயத்தால வர்றதில்ல, ஆனா பயந்தா அதிகமாகும். உங்களுக்குத் திக்கல் ஒரு பங்குன்னா, அது வெளியத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு நீங்க படற பாடு ஒன்பது பங்கு."

"மருந்துங்க?" என்றாள் அத்தாயி.

"மருந்து இல்ல. பழக்கம்தான். என் தம்பிக்கு இது இருக்குது. அவனுக்காகத் தேடிப் படிச்சேன்." அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "உதட்ட இறுக்கிப் பூட்டாதீங்க. பஞ்சைத் தொடற மாதிரி மெல்ல ஒட்டுங்க. மூச்சை விட்டுக்கிட்டே தொடங்குங்க. தட்டுனா தட்டட்டும், வேற வார்த்தைக்கு மட்டும் தாவாதீங்க. தாவத் தாவ அந்த வார்த்தை பூதமாயிரும். அப்புறம் இன்னொண்ணு. இன்னிக்குச் சந்தையில பத்துப் பேருகிட்ட உங்க பேரச் சொல்லிட்டு வாங்க. வேணும்னே திக்கிச் சொல்லுங்க."

"வேணும்னேங்களா?" என்று அத்தாயி வாயைப் பிளந்தாள்.

"ஆமா. திக்குனா உலகம் இடிஞ்சு விழுதான்னு பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

முதல் ஆள் அமீர் ஹம்சா. அவர் மூட்டையை இறக்கியபடி, "வா அறப்பளி, நல்லா இருக்கியா?" என்றார்.

குழந்தைசாமி மூச்சை விட்டான். "என் பேரு அது இல்லீங்க. கு... கு... கு... குழ... கு..."

"குயிலா?" என்றார் அமீர் ஹம்சா அக்கறையோடு. "குடமா? குருவியா?"

"கு... குழந்தைசாமி."

அமீர் ஹம்சா மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒன்பது வருஷமா அறப்பளி அறப்பளின்னு கூப்பிடறேன். ஊட்டுல கேட்டுப்பாரு, எம் பொஞ்சாதி அலிமாகிட்டச் சொல்லி உனக்காக அல்லாகிட்டத் துவாகூடப் பண்ணியிருக்கேன். அதெல்லாம் யார் கணக்குலப்பா போயிருக்கும்?"

 அவர் சிரிக்கவில்லை. ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். குழந்தைசாமிக்கு அதுதான் ஆச்சரியம்.

இரண்டாவது ஆள் சிரித்தான். மூன்றாவது ஆள் காது கேட்காதவர், அவரிடம் நாலுதரம் சொல்ல வேண்டியதாயிற்று. ஐந்தாவது ஆள் ஒரு பாத்திரக்காரன். அவன் பெயரையெல்லாம் கேட்கவில்லை, ஒரு ஓட்டைச் செம்பை நீட்டினான். குழந்தைசாமி உதட்டைப் பஞ்சு போல வைத்து, "வே... வே... வே..." என்று தொடங்கினான். "வேணுமா, இந்தாங்க" என்று அவன் செம்பைக் காகிதத்தில் சுற்றத் தொடங்கினான். அவன் சுற்றி முடித்து, கயிறு கட்டி, முடிச்சும் போட்டு நிமிர்ந்தபோது, "வேண்டாம்!" என்ற சொல் வந்து விழுந்தது. சந்தையே திரும்பிப் பார்த்தது. குழந்தைசாமி வாழ்க்கையில் முதல்தரம் ஒரு பொருளை வாங்காமல் நகர்ந்தான். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஆறு கடைகளுக்குப் போய், யாரும் நீட்டாத பொருள்களையெல்லாம் "வே... வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தான். அத்தாயி அவனைத் துண்டைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது.

மிச்சம் இருந்த நாட்களில் அவன் காட்டில் நின்று மரங்களிடம் பாவாயி என்று சொல்லிப் பழகினான். மரங்களிடம் அழகாக வந்தது. அத்தாயி எதிரே வந்து நின்றால் தட்டியது. செல்லமுத்துவும் சேர்ந்து நின்றால் இன்னும் தட்டியது. "கூட்டத்துல நூறு பேரு இருப்பாங்களே" என்று செல்லமுத்து கவலைப்பட்டான். அத்தாயி முறைத்ததும் கவலையை நிறுத்திக்கொண்டான்.

எட்டாம் நாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் கல்யாண நாளைச் சொல்ல வாயெடுத்தபோது குழந்தைசாமி எழுந்து நின்றான். ஞானி பேசப்போகிறான் என்று கூட்டம் அடங்கியது.

"நா... நான் ஒண்ணு சொல்லோணுங்க. எனக்குத் தி... தி... திக்குவாய்."

பொன்னம்மாள், "ஐயோ, திரும்ப வந்துருச்சே! வசம்பு!" என்று எழுந்தாள். பக்கத்துப் பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"அன்னிக்கு நான் கே... கேக்க நெனச்சது அத்தாயிய இல்லீங்க. பா... பா... பா..."

அங்கே வாய் பூட்டிக்கொண்டது. ஊர் மக்கள் நல்லவர்கள். ஒருத்தன் தவிப்பதைப் பார்த்துச் சும்மா இருக்க அவர்களால் முடியாது.

"பாக்கா?" என்றார் ஒருவர்.

"பாயி! பாய் கேக்கறான்."

"பாம்பு எங்கியோ பாத்திருக்கான்!" என்று இன்னொருவர் சொன்னதும் பின்வரிசை எழுந்து ஓடப் பார்த்தது.

"யாரும் எடுத்துக் குடுக்கப்படாது!" அத்தாயியின் குரல் கோயில் சுவரில் மோதித் திரும்பியது. "அவன் வாய், அவன் வார்த்தை. சொல்லற வரைக்கும் உக்காருங்க!"

கூட்டம் உட்கார்ந்தது. குழந்தைசாமிக்கு வியர்வை காதோரம் வழிந்தது. அவள் என்றோ, அடுத்தவள் என்றோ, இன்னொருத்தி என்றோ வழுக்கும் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து நாக்கு நுனியில் நின்றன. அவன் தாவவில்லை. இறுக்கிய உதட்டைத் தளர்த்தினான். மூச்சை விட்டான். மறுபடி மெல்ல ஒட்டினான்.

"பா... பா... பாவாயி."

 காளியண்ணன் துள்ளி எழுந்தார். "வெத்தல மாத்துனது வெளையாட்டா? நாளைக்கு எரும வேணும்னு சொல்லுவான், குடுத்துருவீங்களா?"

ஊர்க்கவுண்டர் நீண்ட நேரம் தாடையைச் சொறிந்தார். "வெத்தல யாரோட ஊட்டுல மாத்துனோம்? காளியண்ணன் ஊட்டுல. பாவாயி எந்த ஊட்டுப் புள்ள? அதே ஊடு. வெத்தல கெடக்கற எடத்துல கெடக்குது. புள்ளதான் மாறுது. தப்பில்ல."

"என்னையக் கேட்டீங்களா?"

பெண்கள் பக்கத்திலிருந்து பாவாயி எழுந்திருந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. முகம் சிவந்திருந்தது.

"ஒரு வருசமா எங்க காட்டு வழியாப் போவ. ஒரு நாளாவது பேரச் சொல்லிக் கூப்பிட்டியா? 'இந்தா'ம்ப, 'ஏ'ம்ப. எனக்குன்னு ஒரு பேர் இல்லையா, இல்ல அது அத்தன மட்டமான்னு நான் அழுதிருக்கேன். அப்புறம் வந்து அக்காளக் கேட்ட."

 குழந்தைசாமி அவளை நேராகப் பார்த்தான்.

"இன்னொருக்கா சொல்லு" என்றாள் பாவாயி.

இரண்டாம் தரம் முதல் தரத்தைவிட மோசமாக வந்தது. ஏழெட்டுப் 'பா' போட்ட பிறகுதான் மிச்சம் வந்தது. ஆனால் அவள் அசையாமல் கேட்டாள், கேட்டு முடித்து, சாமை குத்தும்போது சிரிக்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

"மெதுவாவே கூப்பிடு. அதுக்குள்ள நான் எங்கே ஓடிப்போயிருவேன்?"

அந்தக் கலகலப்பு அடங்கும் முன்பே அத்தாயி, "அப்படியே எனக்கும் செல்லமுத்துவுக்கும் ஒரு நாள் வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டாள். காளியண்ணன் கத்தினார். ஊர்க்கவுண்டர் வாயைத் திறந்தார். அத்தாயி இருவரையும் பார்த்தாள். இரண்டு கல்யாணமும் மாசியில் ஒரே பந்தலில் நடந்தன.

குழந்தைசாமியின் திக்கல் போகவில்லை. சில நாள் பேச்சு ஓடை போல ஓடும், சில நாள் காலையிலிருந்தே முட்டுக்கட்டை. ஆனால் அவன் பேச ஆரம்பித்துவிட்டான். இருபது வருஷமாகத் தேங்கிக் கிடந்த பேச்சு. சாமை விளைச்சல், எருமையின் வயிற்றுவலி, பக்கத்து ஊட்டுக்காரன் வேலி, மழைக்கு முன்னால் எறும்பு எங்கே போகிறது என்று எல்லாவற்றைப் பற்றியும் பேசினான். மூன்று மாதத்தில், ஞானி என்று இருந்தவன் ரொம்பச் சாதாரண ஆள் என்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. ஊர்க்கூட்டத்தில் அவன் எழுந்தால் சிலர் வெற்றிலைப் பையைத் திறந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். பலாமரத்துக்கார அண்ணன் தம்பி மறுபடி சண்டைக்குக் கிளம்பினார்கள்.

சித்திரையில் ஒரு சந்தை நாள், எப்படி இருக்கிறது என்று டாக்டர் சொல்லச் சொன்னதாக ஆள் வந்தது. குழந்தைசாமி பாவாயியோடு இறங்கிப் போனான். டாக்டர் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

அவன் சொன்னான். எந்த எழுத்து இப்போது இளகியிருக்கிறது, எது இன்னும் பிடிவாதமாக இருக்கிறது, மாமனிடம் எப்படி, அந்நியரிடம் எப்படி, தூக்கம் கெட்ட மறுநாள் எப்படி என்று விவரமாகச் சொன்னான். டாக்டர் முதலில் எழுதினார், பிறகு பேனாவை மூடினார், பிறகு வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். வெளியே காய்ச்சல்காரர்களும் சிரங்குக்காரர்களும் நின்ற வரிசை புளியமரத்தைத் தாண்டியிருந்தது.

"ஏனுங்க, உள்ள யாரு? சீக்கிரம் வெளிய வரச் சொல்லுங்க!" என்று ஒரு கிழவர் கதவைத் தட்டினார்.

பாவாயி அவன் முழங்கையைத் தொட்டாள். குழந்தைசாமி வாசல் பக்கம் திரும்பி, உதட்டை மெல்ல ஒட்டி, நிதானமாகச் சொன்னான்:

"கொ... கொ... கொஞ்சம் பொறுங்க பெரியவரே. இன்னும் மு... மு... முடியல."